காட்டுக்குப் போன சைக்கிள்கள்

வேட்டைக்குப் போக எந்த மவுண்டன் பைக் வாங்கலாம்? இரண்டு வருசமாக இந்தக் கேள்வியை நாலைந்து பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். சுங்கை பாக்காப்பைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். பெர்ஹிலித்தான் லைசென்சும் துப்பாக்கி லைசென்சும் எடுத்து முறையாகக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிற அண்ணன்கள் சிலர் இங்கே உண்டு. வார இறுதியில் பேராக் பக்கம், கெடா பக்கம் என்று கிளம்பிவிடுவார்கள். மோட்டார் சத்தம் கேட்டாலே பன்னி ஓடிடுது, நடந்தே போனா முழங்கால் தாங்கல, சைக்கிள் சரிப்பட்டு வருமா தம்பி? இதுதான் அவர்களுடைய கணக்கு. நான் நிபோங் திபாலில் உள்ள யூ.எஸ்.எம். பொறியியல் வளாகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன். சைக்கிள் பைத்தியம் என்றும் ஊரில் பெயர் இருப்பதால் கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது.

கடையில் கேட்டால் சஸ்பென்ஷன், கியர் எண்ணிக்கை, கார்பன் பிரேம் என்று பதில் வரும். அவை போட்டிக்கும் பொழுதுபோக்குக்கும் ஓட்டுகிறவனுக்கான பதில்கள். காட்டுக்குள் மூட்டை முடிச்சோடும் துப்பாக்கியோடும் போய்த் திரும்ப வேண்டியவன் கேட்கவேண்டிய கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வண்டி எங்கே உடையும்? உடைந்தால் யார் சரிசெய்வார்? சைக்கிளைக் காட்டுக்குக் கொண்டுபோனவர்களின் வரலாறு 130 வருசத்துக்குக் குறையாதது. அதில் ஒரு பெரிய அத்தியாயம் எங்கள் ஊர் சடக்கிலேயே எழுதப்பட்டது. அந்த வரலாற்றைப் படித்தால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கிறது.

*

துப்பாக்கிக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு வேட்டைக்காரர்கள் உண்டாக்கியது இல்லை. இரண்டும் ஒரே பட்டறையில் வளர்ந்த பிள்ளைகள்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள். அந்த மூன்று எழுத்துகளின் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கிய ஆயுதத் தொழிற்சாலை அது. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய படம்தான் அதன் சின்னம். போர் இல்லாத காலத்தில் துப்பாக்கிக்கு ஆர்டர் வராது. எந்திரங்கள் சும்மா கிடக்கும். 1880 வாக்கில் அவர்கள் சைக்கிள் பக்கம் திரும்பினார்கள். நேரான எஃகுக் குழாய், துல்லியமாக வெட்டிய மரை, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய பாகங்கள். துப்பாக்கிக்குத் தேவைப்பட்ட இதே மூன்று திறமைகள்தான் சைக்கிளுக்கும் தேவைப்பட்டன.

ஜப்பானிலும் இதே கதைதான். ஒசாகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சக்காய் நகரம் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே துப்பாக்கி செய்வதற்குப் பெயர்பெற்றது. மெய்ஜி காலத்தில் வெளிநாட்டுச் சைக்கிள்கள் வந்து இறங்கியபோது அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கை அந்தக் கொல்லர்களிடம் இருந்தது. பழுதுபார்ப்பு பாகம் செய்வதாக வளர்ந்தது. 1921-இல் அதே சக்காயில் ஷொசாபுரோ ஷிமானோ ஒரு சிறு பட்டறை தொடங்கி ஃப்ரீவீல் செய்ய ஆரம்பித்தார். இன்று மலேசியாவில் நீங்கள் வாங்கும் மவுண்டன் பைக்கில் கியரும் பிரேக்கும் பெரும்பாலும் அந்தப் பட்டறையின் வாரிசுகள். ஜொகூர் பொந்தியானில் அவர்களுக்குத் தொழிற்சாலையே இருக்கிறது.

பர்மிங்காம் பட்டறையின் ஒரு மிச்சம் இன்றும் நம் காலடியில் சுற்றுகிறது. இரண்டு பெடல்களையும் இணைக்கும் அச்சு, பிரேமின் அடிக்குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர்கள் அதை 'பிபி' என்பார்கள். அதைத் திருகிப் பொருத்தும் மரைக்கு இன்றும் பி.எஸ்.ஏ. மரை என்றே பெயர். ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று. வலதுபக்கக் கிண்ணம் தலைகீழ் மரை, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் கழன்றுவிடும். மிதிக்க மிதிக்கத் தானாகத் தளர்ந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. நூறு வருசம் தாண்டிய இந்த அளவு இன்னும் சாகவில்லை. இதைப் பிறகு பேசுவோம்.

*

சைக்கிளைக் கரடுமுரடான நிலத்தில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் முந்தியவர்கள் அமெரிக்காவின் கறுப்பினச் சிப்பாய்கள். மொன்டானா மாநிலத்தில் மிசூலா கோட்டையில் இருந்த 25-ஆவது காலாட்படையில் 1896-இல் ஜேம்ஸ் மாஸ் என்ற இளம் அதிகாரி ஒரு சைக்கிள் அணி அமைத்தார். அதிகாரி வெள்ளையர், ஓட்டியவர்கள் கறுப்பினத்தவர். முதல் வருசம் யெல்லோஸ்டோன் காடுவரை போய் வந்தார்கள். 1897 ஜூன் 14-ஆம் தேதி மிசூலாவில் கிளம்பி ஜூலை 24-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தார்கள். 1,900 மைல், அதாவது சுமார் 3,000 கிலோமீட்டர். மலை, மணல், ரயில் தண்டவாளக் கட்டைகள், பசைபோல ஒட்டும் களிமண் எல்லாவற்றையும் கடந்தார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விவரம். அந்தக் காலத்துச் சைக்கிளில் மர ரிம் சாதாரணம். எடை குறைவு, ஓட்டமும் நன்றாக இருக்கும். மாஸ் அணிக்கு ஸ்பால்டிங் நிறுவனம் கொடுத்த சைக்கிள்களில் எஃகு ரிம். கனம் கூடினாலும் பரவாயில்லை, வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம் என்ற முடிவு அது. மரம் பிளந்தால் நடுக்காட்டில் என்ன செய்வது? 130 வருசத்துக்கு முன்பு எடுத்த இந்த முடிவுக்கும் இன்று கார்பன் பிரேமா எஃகு பிரேமா என்று நாம் யோசிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

*

இனி நம்ம ஊர்.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி கடற்கரைகளிலும் இறங்கியது. யமாஷிட்டாவின் 25-ஆவது படை அது. டாங்கியும் விமானமும் அவர்களிடம் இருந்தன என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். ஆனால் சிப்பாய்களில் பெரும்பாலோர் தெற்கே வந்து சேர்ந்தது சைக்கிளில். அந்தப் படையின் திட்டமிடல் அதிகாரி மசனொபு சூஜி, சிங்கப்பூர் சீனர் படுகொலையில் பெயர் அடிபட்டவர். அவருடைய நூலின் கணக்குப்படி ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறக்குறைய 6,000 சைக்கிள். போகிற வழியில் பொதுமக்களிடம் பிடுங்கியதும் உண்டு. ஆளுக்கு 30 கிலோவுக்கு மேல் சாமான். தாய்லாந்துக் கடற்கரையிலிருந்து ஜொகூர் பாரு வரை சுமார் 1,100 கிலோமீட்டர், 55 நாள்.

டிசம்பர் 11, 12-இல் ஜித்ரா விழுந்தது. அடுத்து குரூண். 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு மூடா ஆற்றுக்குப் பின்வாங்கி, அங்கிருந்து கிரியான் ஆற்றுக்குப் பின்வாங்கியது. வடக்கே மூடா, தெற்கே கிரியான், இந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருப்பதுதான் செபராங் பிறை. பட்டர்வொர்த் பக்கமிருந்து சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், நிபோங் திபால், பாரிட் புந்தார் என்று ஓடும் பழைய நெடுஞ்சாலையில் இன்று நான் வேலைக்குப் போகிறேன். அன்று பஞ்சாபியரும் கூர்க்கர்களும் இருந்த தளர்ந்த படை ஒன்று லாரிகளில் பின்வாங்கிய நிலம் இது.

டிசம்பர் 16 இரவு பினாங்கிலிருந்த ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் கப்பலேறிப் போய்விட்டார்கள். உள்ளூர் மக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. 11-ஆம் தேதி குண்டுவீச்சில் இடிந்து கிடந்த ஜார்ஜ்டவுனை, மிஞ்சியிருந்த மலாய், சீன, இந்தியப் பிரமுகர்கள் ஒரு குழு அமைத்துக் காப்பாற்றவேண்டி வந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் இலங்கைத் தமிழரான பத்திரிகையாசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும் அவரே. 19-ஆம் தேதி ஜப்பானியர் நகருக்குள் வந்தார்கள்.

பிரிட்டிஷ் படை ஏன் இவ்வளவு வேகமாகப் பின்வாங்கியது? காரணங்கள் பல. சைக்கிள் சம்பந்தப்பட்ட காரணம் ஒன்றுதான், ஆனால் அது பெரிய காரணம். லாரிக்குச் சடக்கு வேண்டும், பாலம் வேண்டும். பின்வாங்குகிறவன் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தால் துரத்துகிற லாரி நிற்கும், சைக்கிள் நிற்காது. தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுவான். ரப்பர் தோட்டத்துக்குள் பால்வெட்டுப் பாதைகள் வலைபோல ஓடின. கங்காணியும் கிராணியும் தோட்டத் தொழிலாளியும் மிதித்துக் கெட்டியாக்கிய பாதைகள் அவை. அந்தப் பாதைகளில் புகுந்து பின்பக்கமாக வந்து நிற்கச் சைக்கிளுக்கு முடிந்தது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் முழுப் பதில் இருக்கிறது. ஜப்பானியச் சைக்கிள்கள் உயர்ந்த ரகம் இல்லை. வெயிலில் டயர் வெடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு பேர் பழுதுபார்க்கவென்றே கூட வந்தார்கள். போருக்கு முன்பே மலிவு விலை ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயா முழுக்க விற்றிருந்ததால், அதே அளவு பாகங்கள் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைத்தன. ஒரு படையின் உதிரிபாகக் கிடங்கை எதிரியின் நாடே பத்து வருசம் காசு கொடுத்து வாங்கி அடுக்கி வைத்திருந்த மாதிரி! டயர் தீர்ந்தபோது கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். தார்ச் சடக்கில் நூற்றுக்கணக்கான இரும்பு ரிம்கள் உருளும் சத்தத்தை இருட்டில் கேட்டவர்கள் டாங்கி வருகிறது என்று பயந்ததாக சூஜி எழுதுகிறார்.

அதே போரில் சைக்கிள் தோற்ற நாளும் உண்டு. 1942 ஜனவரி 14, நெகிரி செம்பிலானில் கிம்மாஸுக்குப் பக்கத்தில் கெமெஞ்சே பாலம். ஆஸ்திரேலியர்கள் இரண்டு பக்கமும் பதுங்கியிருந்து, சில நூறு சைக்கிள்காரர்களைப் பாலத்தைக் கடக்க விட்டு, பின்னால் வந்த கூட்டத்தோடு சேர்த்துப் பாலத்தைத் தகர்த்தார்கள். துப்பாக்கிகள் சைக்கிளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவிழ்த்து எடுக்க நேரமில்லாமல் ஏராளமானவர்கள் செத்தார்கள். ஓட்டுகிறவன் சுடமுடியாது, சுடுகிறவன் ஓட்டமுடியாது. வேட்டைக்கும் இது பொருந்தும், ஆனால் பாடம் நேர்மாறு: துப்பாக்கி தோட்டா இல்லாமல் உறைக்குள் கட்டியே இருக்கட்டும். சைக்கிளை நிறுத்தி, சாய்த்து வைத்து, இறங்கி நடக்கிற இடத்திலிருந்துதான் வேட்டை தொடங்குகிறது.

*

ஜப்பான்காரன் காலத்தில் சைக்கிள் வைத்திருந்தவன் பாக்கியசாலி. வாழைமரக் காசுக்கு மதிப்பில்லை, பெட்ரோல் இல்லை, பஸ் இல்லை. பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயிலுக்கு ஏற்றிப் போன பிறகு தோட்டங்களில் மிஞ்சியவர்களுக்குப் பிழைப்பு மரவள்ளிக்கிழங்கோடு நின்றது. சைக்கிள் இருந்தாலும் டயர் கிடையாது. உலகத்துக்கே ரப்பர் கொடுத்த நாட்டில் டயர் இல்லை! காற்றடிக்கும் டயர் செய்ய நெசவுத்துணி வேண்டும், ரசாயனம் வேண்டும், தொழிற்சாலை வேண்டும். அதெல்லாம் கப்பலில் வந்துகொண்டிருந்தவை. மரத்திலிருந்து வடியும் பால் மட்டும் நம்மிடம் இருந்தது. ஜனங்கள் கெட்டி ரப்பரை ரிம்மில் சுற்றி ஓட்டினார்கள். எலும்பு குலுங்கும், ஆனால் பஞ்சர் ஆகாது.

இன்றைய மவுண்டன் பைக்கில் டியூப் இல்லாத டயர் வந்துவிட்டது. உள்ளே ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றுவார்கள். முள் குத்தினால் காற்றோடு அந்தத் திரவம் ஓட்டைக்கு வந்து கட்டியாகி அடைத்துவிடும். கடையில் 'சீலன்ட்' என்று வெளிநாட்டுப் பாட்டிலில் விற்பார்கள். இவற்றில் பலவற்றின் மூலப்பொருள் இயற்கை ரப்பர் பால்தான். அது பாட்டிலிலேயே உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பதுண்டு. தோட்டத்தில் பால் சீக்கிரம் உறையாமல் இருக்க அம்மோனியா விடுவதும், ஸ்டோருக்கு வந்தபிறகு ஆசிட் ஊற்றி உறைய வைப்பதும் எங்கள் பாட்டிகளுக்குப் பழக்கமான வேலை. பாட்டிலைத் திறந்தால் வரும் வாடையை எந்தத் தோட்டத்துக்காரரும் அடையாளம் கண்டுபிடிப்பார். நம் வெயிலுக்கு இது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். செம்பனை மட்டையின் முள் குத்துகிற பாதைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

*

போர் முடிந்தும் சைக்கிளுக்கு நிம்மதி வரவில்லை. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. காட்டோரத்தில் இருந்தவர்களைக் கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவந்தார்கள். தோட்டத்து லயங்களையும் வேலிக்குள் கூட்டினார்கள். காலையில் பால்வெட்டப் போகிறவர்களின் சைக்கிளை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று பார்க்க. காற்றடிக்கும் பம்புக்குள், பிரேம் குழாய்க்குள் எல்லாம் அரிசி போனது. துப்பாக்கிக்குழாய் செய்த கைகள் செய்த குழாய், கடைசியில் கைப்பிடி அரிசியை ஒளிக்கும் இடமானது. காட்டுக்குள் தேவையில்லாமல் போனாலே சந்தேகம் என்ற காலத்தில் தோட்டத்து வேட்டையும் ஒடுங்கிப்போனது.

அதற்குப் பிறகு வந்த காலத்தைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர், ஆறேழு நாய், ஈட்டி. துப்பாக்கி கிராணி வீட்டில்கூட இல்லை. பன்றி இளங்கன்றுகளைத் தோண்டிப்போடுவதால் நிர்வாகம் கண்டும் காணாமல் இருக்கும். சைக்கிள் கருப்பு நிற ஆம்பளை வண்டி. இரும்புக் கேரியர், ராடு பிரேக், ஒரே கியர். "போகும்போது சைக்கிள் நம்மளத் தூக்கும், வரும்போது நாம சைக்கிளத் தூக்கணும்" என்பார். 60 கிலோ பன்றியைக் குடல் எடுத்துக் கூறு போட்டாலும் 40 கிலோவுக்குக் குறையாது. அதைக் கோணிச்சாக்கில் கட்டிக் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்க ஒருவர் பின்னால் தள்ள, சாயங்காலம் லயத்துக்கு வந்து சேருவார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு. சம்பள நாளுக்கு முந்தின வாரத்தில் அந்தப் பங்குக்கு இருந்த மதிப்பை அவர் கடைசிவரைக்கும் மறக்கவில்லை.

தாத்தா சொன்ன இதே விசயத்தை 1954-இல் வியட்நாமியர்கள் ஒரு போர்முறையாகவே ஆக்கியிருந்தார்கள். தியன் பியன் பூ முற்றுகை மார்ச் 13 முதல் மே 7 வரை நடந்தது. மலை உச்சிவரை அரிசியும் குண்டும் கொண்டுபோனவற்றில் ஆயிரக்கணக்கான பெஜோ சைக்கிள்களும் உண்டு. யாரும் ஏறி மிதிக்கவில்லை. இருக்கையை எடுத்துவிட்டு, ஹேண்டிலில் ஒரு நீண்ட மூங்கிலைக் கட்டி, பக்கத்தில் நடந்தபடியே தள்ளினார்கள். மூங்கிலும் மரமும் வைத்துப் பிரேமைப் பலப்படுத்தினார்கள். ஒரு சைக்கிளுக்கு 200 கிலோ சர்வசாதாரணம், 300-ஐத் தாண்டியவர்களும் உண்டு. பிரான்சில் செய்த சைக்கிள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடிக்க உதவியது.

சுமை கூடக்கூடச் சைக்கிள் தள்ளுவண்டியாகிவிடுகிறது. வேட்டைக்குச் சைக்கிள் வாங்குகிறவர் கடையில் ஏறி மிதித்துப் பார்ப்பார். 40 கிலோ கட்டி இறங்கித் தள்ளிப் பார்த்தால்தான் அந்த வண்டியின் உண்மையான குணம் தெரியும்.

*

மவுண்டன் பைக் என்ற பெயரே 1970-களில் கலிபோர்னியாவில் வந்தது. மரின் கவுண்டியில் டமல்பாயிஸ் மலைச்சரிவில் சில இளைஞர்கள் 1930-களின் ஷ்வின் சைக்கிள்களைக் குப்பையிலிருந்தும் பழைய சாமான் கடைகளிலிருந்தும் பொறுக்கிவந்து சரிவில் உருட்டினார்கள். தடித்த டயர், கனத்த இரும்பு, பின்பெடல் பிரேக். ஒருமுறை இறங்கினால் பிரேக்கில் இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்கவேண்டும். அதனால்தான் 1976 அக்டோபரில் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே பிரேம் செய்தார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிட்சி செய்த பிரேம்களை மவுண்டன்பைக்ஸ் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பரைப் பெரிய அளவில் கொண்டுவந்தது, அதன் பிரேம்களைச் செய்தது ஜப்பான். 1982-இல் ஷிமானோ மலைக்கென்றே டியோர் எக்ஸ்டி பாகங்களை வெளியிட்டது.

ஆக, மவுண்டன் பைக்கின் முன்னோடி தாத்தா வைத்திருந்த மாதிரியான ஒரு கனத்த பழைய இரும்புச் சைக்கிள். பிறகு வந்த நாற்பது வருசத்தில் அது வேகத்தின் பக்கம் போய்விட்டது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், கார்பன், பன்னிரண்டு கியர் என்று ஆனது. பெடல் அச்சை மரையில்லாமல் அழுத்திச் செருகும் 'பிரஸ் ஃபிட்' முறை வந்தது. அது எடையைக் கொஞ்சம் குறைத்தது. சேறும் தண்ணீரும் புகுந்தபோது கிறீச்சிட்டது. கழற்றப் பிரத்தியேகக் கருவி வேண்டும். இப்போது பல நிறுவனங்கள் அமைதியாகப் பழைய பி.எஸ்.ஏ. மரைக்கே திரும்பிக்கொண்டிருக்கின்றன.

வேட்டைக்காரர்களுக்கென்றே தனிச் சந்தையும் அமெரிக்காவில் உருவானது. 2005-இல் சர்லி நிறுவனம் பனிக்கும் மணலுக்கும் ஏற்ற நாலு அங்குல டயர் வைத்த பக்ஸ்லியைக் கொண்டுவந்தது. அந்தத் தடித்த டயரோடு மின்மோட்டாரைச் சேர்த்து, துப்பாக்கி மாட்ட இடமும் வைத்து விற்கும் நிறுவனங்கள் பின்னால் வந்தன. கொலராடோவில் தொடங்கிய குவயட்கேட் அவற்றில் ஒன்று. 2021-இல் அதை வாங்கியது அப்போது தோட்டா தயாரித்துவந்த விஸ்டா அவுட்டோர். பர்மிங்காமில் தொடங்கிய உறவு ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது.

*

அண்ணன்கள் போனில் எனக்கு அனுப்புகிற படங்களில் முக்கால்வாசி இந்த மின்சைக்கிள்கள்தான். பார்க்க அழகாக இருக்கின்றன. அமெரிக்கக் காட்டுக்கு அவை பொருத்தமாகவே இருக்கும். நம் நிலத்துக்கு வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு. வண்டி மட்டும் 30 கிலோவைத் தொடும். செம்பனைத் தோட்டத்தில் வரிசைக்கு வரிசை வாய்க்கால். வாய்க்காலில் போட்ட ஒற்றைப் பலகையில் 30 கிலோ வண்டியை ஒருவர் தூக்கிக்கொண்டு போகமுடியாது. பேட்டரி தீர்ந்தால் மோட்டார் வெறும் பாரம். மழைக்காலத்துச் செம்மண் நாலு அங்குல டயரில் அப்பிக்கொண்டு பிரேமில் உரசி நின்றுவிடும். அந்த அளவு டயர் கிழிந்தால் சுங்கை பாக்காப்பிலோ நிபோங் திபாலிலோ அன்றைக்கே கிடைக்காது.

நான் சொல்லும் வண்டி சாதாரணமானது. எஃகு அல்லது தடித்த அலுமினியப் பிரேம். எஃகு என்றால் உடைந்த இடத்தை எந்த வெல்டிங் பட்டறையும் ஒட்டித்தரும். பின்னால் சஸ்பென்ஷன் வேண்டாம். கேரியர் மாட்ட முடியாது, தள்ளும்போது சுமையோடு சேர்ந்து ஆடும். முன்னால் 100 மில்லிமீட்டர் போதும். டயர் 2.4-இலிருந்து 2.6 அங்குலம், டயருக்கும் பிரேமுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. சக்கரத்துக்கு 32 கம்பிக்குக் குறையக்கூடாது. டிஸ்க் பிரேக் வேண்டும், அது எண்ணெயில் இல்லாமல் கேபிளில் இயங்கட்டும். கேபிள் அறுந்தால் பையில் இன்னொன்று இருக்கும். கியர் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்பதோ பத்தோ. செயின் எந்தக் கடையிலும் கிடைக்கும். கியர் மாற்றி தொங்கும் அந்தச் சின்ன அலுமினியக் காதுக்கு மாற்று ஒன்று வாங்கும்போதே வாங்கி இருக்கைக்கு அடியில் ஒட்டிவையுங்கள், மரக்கட்டையில் மோதி முதலில் வளைவது அதுதான். பெடல் அச்சு பி.எஸ்.ஏ. மரையா என்று கேளுங்கள். கடைக்காரர் யோசித்தால் வேறு கடை பாருங்கள். மொத்த எடை 15 கிலோவைத் தாண்டவேண்டாம். இறைச்சியைக் கொண்டுவர ஒற்றைச் சக்கர இழுவண்டி கிடைத்தால் கேரியரைவிட நல்லது. பாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்கும், வண்டி சாயாது.

இதில் எந்த வரியும் புதிது இல்லை. வளைந்தால் நிமிரும் ரிம்மை மாஸ் கேட்டார். ஊர்க்கடையில் பாகம் கிடைக்கும் சைக்கிளில் ஜப்பானியர் வந்தார்கள். தள்ளுவதற்கென்று வியட்நாமியர் கட்டினார்கள். தாத்தாவுக்குத் தேர்வு செய்ய வேறு வண்டி இல்லை. இருந்த ஒன்றே சரியான வண்டியாக இருந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. சத்தமில்லாமல் ஆழமாகப் போகமுடியும் என்பதுதான் சைக்கிளின் பலம். 1941-இல் அந்தப் பலத்தின் விலை என்ன என்று இந்த நாடு பார்த்தது. இன்று மரம் வெட்டப் போட்ட பாதைகள் காட்டின் நடுவரை போகின்றன. சுருக்குக் கம்பி வைக்கிறவர்களும் அதே பாதையில்தான் போகிறார்கள். தீபகற்பக் காட்டில் மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்று அரசுக் கணக்கெடுப்பே சொல்கிறது. பன்றியும் மானும் அதற்கு இரை. 2021-இல் இந்த நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் காட்டுப்பன்றிகளையும் விட்டுவைக்கவில்லை. தாத்தா போனது தோட்டத்து எல்லைவரை. அதற்குமேல் அந்தச் சைக்கிளால் முடியாது, அவருக்கும் தேவையில்லை. நம்முடைய வண்டி அதைத் தாண்டிப் போகும். எந்த பைக் என்று கேட்கும் அண்ணன்களிடம் பிரேம், டயர் கணக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதுவரைக்கும் போறதா இருக்கீங்க?